நாற்பத்து மூன்றாவது பெயர்

பிப்ரவரி 3, திங்கள்

குளிர்பெட்டி காலையில் நாலு டிகிரி, மாலையில் ஐந்து. தடுப்பூசி அறையில் கூட்டம் இல்லை. மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் – அவரை எல்லோரும் ஐஸ்பெட்டிக்காரர் என்றுதான் சொல்கிறோம் – எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், ஈ ஓட்டறீங்களா? அதுக்கும் ஒரு ஊசி போட்டு விடுங்க, ரெஜிஸ்டர்ல ஒண்ணு கூடும்" என்றார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. வாய்க்கு ஓய்வே கிடையாது.

மகள் ஒருவழியாகப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தாள். இருபத்தைந்து வயதானதும் எல்லாப் பெண்களுக்கும் கடிதம் வருமே, அதுதான். கருப்பை வாயில் கொஞ்சம் துடைத்தெடுத்துப் பார்ப்பார்கள். நாலு மாதமாக அந்தக் கடிதம் அவள் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில், மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. நான் நச்சரித்துத்தான் போனாள். "எனக்கு எதுக்கும்மா? நீதான் சின்ன வயசுலயே ஊசி போட்டுட்டியே" என்பாள் ஒவ்வொரு தடவையும். "ஊசி போட்டவங்களும் பாக்கணும்" என்பேன் நானும் ஒவ்வொரு தடவையும். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை.

பிப்ரவரி 17

பதில் வந்துவிட்டது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமாம், பயப்பட வேண்டாமாம். மகள் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "பவர் ஏறியிருக்குன்னு சொல்லும்போது நானும் இப்படித்தான் சொல்லுவேன், பயப்படாதீங்கன்னு. உடனே பயந்துடுவாங்க." சிரித்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18

இன்று முப்பத்தோரு ஊசி. யாரும் மயங்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

மருத்துவமனை. நான் நர்ஸ் என்பதால் உள்ளே நிற்க விட்டார்கள். காடி மாதிரி வாசனை அடிக்கும் ஒரு திரவத்தைத் தடவிவிட்டு, டாக்டரம்மா திரையைப் பார்த்தார். இளஞ்சிவப்பில் ஒரு இடம் மட்டும் மெல்ல வெளுத்தது. வெளுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மகள் திரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சதையில் துளி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"தடுப்பூசி போட்டிருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"போட்டிருக்கேன் டாக்டர். ஸ்கூல்ல என் முறை வரும்போது மருந்து தீந்துபோச்சு. அப்புறம் அம்மாவே வீட்ல போட்டாங்க. சமையலறைல, ஸ்டூல் மேல உக்கார வச்சு."

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு ஊசிதானா?"

"அந்த வருஷம் அடுத்த தவணை மருந்தே வரல" என்றேன். அதுவும் உண்மைதான். அவர் எழுதிக்கொண்டார். அவர் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 7

புற்றுக்கு முந்தைய மூன்றாம் நிலை மாற்றம். "கேன்சர் இல்ல. அப்படியே விட்டா ஆகலாம். நாங்க விடப் போறதில்ல" என்றார் டாக்டரம்மா. இருபதாம் தேதி அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பிற்பாடு குழந்தை உண்டானால், முன்கூட்டியே பிறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இதை அவர் சொன்னபோது மகள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"ஊசி போட்டும் ஏன் டாக்டர்?"

"எந்த ஊசியும் நூத்துக்கு நூறு கிடையாதும்மா. ஆனா முன்னெல்லாம் உங்க வயசுல வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வருவாங்க. இப்ப ஊசி போட்ட பொண்ணுங்க வர்றதே அபூர்வம். உங்களுக்கு என்னவோ, துரதிர்ஷ்டம்."

பஸ்ஸில் வரும்போது, "துரதிர்ஷ்டம்" என்று மகள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. இறங்கி ரொட்டி வாங்கினேன்.

மார்ச் 8, சனி

எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு நான்தான் ஊசி போடப் போனேன். கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. நாற்பத்து மூன்று பெண்கள். நான் ஐஸ்பெட்டியை அடுக்கும்போதே பட்டியலில் எல்லாப் பெயருக்கும் டிக் போட்டுவிடுவேன். கூடத்துக்குள் போய்விட்டால் ஒருத்தி அழுவாள், ஒருத்தி மயங்குவாள், ஒருத்தி கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அதற்கு நடுவில் பேனா பிடிக்க முடியாது. போட முடியாமல் போனவளுக்கு மட்டும் கடைசியில் டிக்கைச் சுற்றி ஒரு வட்டம். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் செய்வோம். இன்னொரு வழக்கமும் உண்டு: சொந்தப் பிள்ளைக்குக் கடைசியில்தான். முதலில் போட்டால் மற்ற அம்மாக்களின் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். அதனால் மகளின் பெயர் நாற்பத்து மூன்றாவது.

நாற்பத்து இரண்டு போட்டாயிற்று. அடுத்த குப்பி கை நழுவி, சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. ஒரு பெயருக்கு ஒரு குப்பிதான் கொடுப்பார்கள், உபரி கிடையாது. உடைந்தால் சேதப் படிவம் எழுத வேண்டும். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு எழுதி, "உங்களுக்கு இருக்கறது கையா, சல்லடையா?" என்று அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது எழுத மனம் வரவில்லை. உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக் காலிக் குப்பிகளோடு போட்டேன். டிக் நாற்பத்து மூன்று, குப்பி நாற்பத்து மூன்று. வட்டம் போடவில்லை.

"நாளைக்கு அம்மா வீட்ல போட்டு விடறேன்" என்றேன். தப்பித்தோம் என்று ஓடினாள்.

நாளை வந்தது. மருந்து எங்கே இருக்கிறது? தனியாக ஒன்று கேட்டு எழுதினால் எதற்கு என்று கேட்பார்கள். சரி, அடுத்த மாதம். சரி, அடுத்த தவணை வரும்போது. அடுத்த தவணை வரவே இல்லை, வரத்து நின்றுபோனது. திரும்ப வந்தபோது கீழ்வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல்தான் வந்தது. இவள் பெயர்தான் ஏற்கெனவே டிக் ஆகிவிட்டதே.

நடுவில் ஒரு நாள் செருப்பில்லாமல் ஓடி, காலில் ஆணி ஏற்றிக்கொண்டு வந்தாள். சமையலறையில் ஸ்டூலில் உட்காரவைத்து டெட்டனஸ் ஊசி போட்டேன். "அன்னிக்குப் போடாம விட்டது இதுதானாம்மா?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன். எனக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது.

அவளுக்குப் பதினேழு வயதானபோது மருந்துக் கடைகளிலேயே கிடைத்தது. வாங்கியிருக்கலாம். எதற்கு இன்னொன்று என்று கேட்பாளே. அந்த "ம்" குறுக்கே நின்றது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்தாள்.

மார்ச் 9

எழுதியதைப் படித்தேன். கிழிக்கலாமா? கிழிக்கவில்லை.

மார்ச் 12

தங்கை போன் செய்தாள். அவள் பேசும்போதும் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் மகளுக்குப் பதிமூன்று வயது, பட்டப்பெயர் நண்டு, ஒரு இடத்தில் நேராக நிற்காது. நண்டின் பள்ளிக்கூடத்தில் அதே ஊசி போடப் போகிறார்களாம், பெற்றோர் கையெழுத்து கேட்டுத் தாள் வந்திருக்கிறதாம்.

"நான் போடப் போறதில்ல அக்கா."

"ஏன்டி?"

மெஷின் நின்றது. "ஏன்னு நீ கேக்கறியா? நர்ஸ் வீட்டுப் பொண்ணு. நீயே உன் கையால போட்ட ஊசி. அவளுக்கே வந்துடுச்சு. அப்புறம் என் பிள்ளைய எதுக்கு சும்மா குத்தணும்?"

ஒரு நாளைக்கு இருபது அம்மாக்களிடம் பேசுகிறவள் நான். மலட்டுத்தன்மை வரும் என்று வருகிறவள், வயசுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று வருகிறவள், எல்லோருக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இவளுக்கு மட்டும் இல்லை. "ஊசி நல்லதுதான்டி" என்றேன்.

"உன் வேலை அது. நீ அப்படித்தான் சொல்லுவ."

மெஷின் மறுபடி ஓடியது.

மார்ச் 20, வியாழன்

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள். அப்போது மகள், "எங்கம்மா போட்டா இவ்வளவு வலிக்காது" என்று அந்த நர்ஸிடம் சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "கேளுங்க சிஸ்டர், எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். நானும் சிரித்தேன். சூடான கம்பி வளையத்தால் வெட்டியதில் கருகின வாசனை வந்தது. வீட்டுக்கு வந்து வெந்நீர்ப் பை வைத்துப் படுத்தாள். இவள் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் இருந்திருந்தால் இன்று அழுதிருப்பார். எனக்கு அழுகை வரவில்லை.

ஏப்ரல் 2

வெட்டிய இடத்தின் விளிம்பு சுத்தமாக இருக்கிறது. முழுவதும் எடுத்தாகிவிட்டது. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். "அப்பாடா" என்றாள் மகள். இத்தோடு விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஒரு ஆய்வுக்காரப் பெண் வந்தாள். அந்த வருடம் ஊசி போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது இருபத்தைந்து வயது. பரிசோதனையில் யார் யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று பழைய பதிவேடுகளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். மருந்து நின்றுபோனதால் அவர்களுக்கு ஒரே ஊசிதான் கிடைத்தது. ஒரே ஊசி போதுமா என்று அவர்கள் மூலமாகத் தெரிந்துவிடுமாம்.

"உங்க ரெஜிஸ்டர்ல நாப்பத்தி மூணு பேர், மேடம். எல்லாருமே பரிசோதனை பண்ணிட்டாங்க. ஒருத்தருக்கு மட்டும் மூணாம் நிலை. பேர் எங்களுக்குத் தர மாட்டாங்க, வரிசை எண் மட்டும்தான். கடைசி எண்."

நான் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தர்தானேன்னு தோணும். ஆனா ஒரு ஊசி போதாதுன்னு சொல்றவங்க இந்த ஒருத்தரத்தான் பிடிச்சுக்குவாங்க. ரெண்டு ஊசிக்கு வழி இல்லாத ஊர்ல அப்புறம் ஒண்ணுகூடப் போட மாட்டாங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். அந்தக் கடைசி ஊசி போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சேம்மா" என்றேன்.

"ஆமா, எப்படி ஞாபகம் இருக்கும்" என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் போன பிறகு ஒன்பது பேருக்கு ஊசி போட்டேன்.

ஏப்ரல் 10

நண்டின் பள்ளியில் ஊசி 24ஆம் தேதி. கையெழுத்துப் போட்ட தாள் 17க்குள் போக வேண்டும்.

ஏப்ரல் 11

இன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து துணி மடித்தோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் கடைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை நான். "பாப்பா, உனக்கு அந்த ஊசி நான் போடவே இல்ல" என்று ஆரம்பித்தேன். குப்பி, டிக், வட்டம் – எல்லாம் சொன்னேன். பதிவேடு வாசிக்கிற மாதிரி வந்தது குரல். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"அப்ப சமையலறைல போட்டது?"

"அது ஆணி குத்தினதுக்கு."

"நான் கேட்டேனே. இதுதானான்னு."

"கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"ம்னு சொன்னேன்."

"ம்" என்றாள் அவள். சட்டையைத் திருப்பிப் போட்டு, அடுத்த கையையும் தேய்த்து முடித்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள், அடித்துச் சாத்தவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 14

பேசவில்லை. மதிய டப்பாவை எடுக்காமல் போனாள்.

ஏப்ரல் 15

ஐஸ்பெட்டிக்காரர் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தந்தார். "என்ன சிஸ்டர், புதையலா?" என்றார். ஆமாம் என்றேன். நாற்பத்து மூன்றாவது பெயரின் டிக்கைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் இன்றைய தேதி, கையெழுத்து. அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம். ஆய்வுக்காரப் பெண்ணுக்கு போன். நடந்ததைச் சொன்னேன். "மேடம், அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அது என் மகள் என்றும் சொன்னேன்.

பதிவேட்டை ஐஸ்பெட்டிக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16

தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அவளே கூப்பிட்டாள். மெஷின் சத்தம் இல்லை.

"பாப்பா நேரா கடையிலேர்ந்து இங்க வந்தா. வந்து, 'சித்தி, எனக்கு அந்த ஊசி போடவே இல்ல, அதனாலதான் வந்துச்சு. நண்டுக்கு நீங்க கையெழுத்துப் போடுங்க'ன்னு சொல்லிட்டு, பேனாவையும் அவளே எடுத்து நீட்டினா. நான் போட்டுக் குடுக்கற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கியே அக்கா. இத்தன வருஷம். என்கிட்டகூட."

"ஆமாடி."

"நான் கையெழுத்துப் போடாம விட்டிருந்தா? அப்பவும் வாயத் திறந்திருக்க மாட்டியா?"

தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 24

நண்டு போன் செய்தது. "பெரியம்மா, ஊசி வலிக்கவே இல்ல. ஆனா அழுதேன்."

"வலிக்கலன்னா ஏன்டி அழுத?"

"எல்லாரும் அழுதாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா நல்லா இருக்காதுல்ல?"

மே 6

விளக்கம் போதவில்லை என்று எழுத்தில் எச்சரிக்கை. ஒரு வருடத்துக்குப் பள்ளிக்கூடங்களுக்குப் போகக் கூடாது, அறையில் மட்டும் வேலை. ஊசி போடும் முன்னால் யாரும் டிக் போடக் கூடாது என்று எல்லா மையங்களுக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது. "யாரோ ஒருத்தர் பண்ணினதுக்கு எங்க எல்லாருக்கும் வேலை இழுக்குதுன்னு ஊரே திட்டுது சிஸ்டர்" என்றார் ஐஸ்பெட்டிக்காரர். அந்த யாரோ நான்தான் என்று அவருக்குத் தெரியும். டீ வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மே 18

ஒரு மாதமாக உப்பு, சாவி, தண்ணீர் வரவில்லை – இந்த மாதிரிதான் பேச்சு. இன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே மகள் சொன்னாள்.

"குப்பி உடைஞ்சது பரவால்ல. யாருக்கும் உடையும். எனக்குப் போடலன்னு சொல்லியிருந்தா பதினேழு வயசுல நானே போய்ப் போட்டிருப்பேன். அந்த லெட்டர நாலு மாசம் மேசைக்குள்ள போட்டு வச்சிருக்க மாட்டேன். உனக்கு டிக்கும் குப்பியும் சரியா இருந்துச்சு, போதும்."

"ஆமா" என்றேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். கேட்டால் அதற்கும் அவள்தானே பதில் சொல்ல வேண்டும். கேட்கவில்லை.

ஜூலை 22

ஆய்வுக்காரப் பெண் கூப்பிட்டாள். நாற்பத்து மூன்றாம் எண்ணை ஊசி போடாதவர்கள் பக்கம் மாற்றிவிட்டார்களாம். "உங்க பள்ளிக்கூடத்துல போட்ட நாப்பத்தி ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூட இல்ல மேடம்" என்றாள். குரலில் சந்தோஷம். உடனே சுதாரித்துக்கொண்டு, "சாரி மேடம்" என்றாள். பரவாயில்லை என்றேன். நாற்பத்து இரண்டு பேருக்கும் நான்தான் போட்டேன். பாதிப் பேரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அக்டோபர் 4

நேற்று ஆறு மாதப் பரிசோதனை. சுத்தம். இந்த நோயைக் கொண்டுவரும் கிருமியும் இல்லை. மகள் தனியாகப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மா இப்போதாவது தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னாராம். "பழசுக்கு அது மருந்து இல்லியாம். இனிமே புதுசா ஒட்டாம இருக்கறதுக்காம். இந்த வயசுக்கு மூணு தவணை." எங்கே போடப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. இரவு நன்றாகத் தூங்கினேன். எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

குளிர்பெட்டி நாலு டிகிரி. நல்ல கூட்டம்.

பத்து மணிக்குக் கதவருகே மகள், கடைச் சீருடையில். "உள்ள வாயேன்" என்றேன். கையிலிருந்த டோக்கனைக் காட்டினாள். பதினாலு. "என் நம்பர் வரட்டும்" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முதலில் போக வேண்டாம், கடைசியிலும் வேண்டாம், அவள் இடத்தில் அவள். பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் போட்டேன். பதிமூன்று ஒரு சிறுமி, என் விரலைக் கடிக்கப் பார்த்தாள்.

பதினாலு. வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"பக்கத்து ரூம்ல இன்னொரு சிஸ்டர் இருக்காங்க. அவங்களப் போடச் சொல்லட்டுமா?"

"வேணாம். நீயே போடு." பதிவேட்டையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எழுதறத நான் எழுதிக்கறேன்."

குப்பியை அவளிடம் நீட்டினேன். மருந்தின் பெயரையும் தேதியையும் படித்தாள். திருப்பி இன்னொரு முறை படித்தாள். இடது கை. போட்டேன். பஞ்சை நான் அழுத்திக்கொண்டிருக்க, வலது கையால் தன் பெயரை எழுதி டிக் போட்டாள். அடுத்த தவணைக்கான கட்டத்தில் டிசம்பர் 6 என்று எழுதினாள். நான் கேட்காமலே, பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள் – காலை பத்து மணி.